சிவப்பு நூல் கட்டிய மக்

மூக்கு என்ற பட்டப்பெயரை அவளுக்குச் சூட்டியவர் கணவனின் அண்ணன், வீட்டில் எல்லோருக்கும் பெரியவர். கல்யாணமான புதிதில் ஒரு நாள் பெரியவர் வீட்டில் சாப்பாடு. தன் முன்னால் வைத்த தட்டை, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, அவள் மெல்ல முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள். பழைய முட்டை வாடை. எழுந்து போய்க் குழாயில் ஒரு தரம் கழுவிக்கொண்டு வந்து ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்தாள். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தாள். ஆனால் பெரியவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"டேய், நீ மூக்குக்கண்ணாடி தேய்க்கிறவன். உனக்கு மூக்கே வந்து வாய்ச்சிருக்கு பாரு" என்று தம்பியிடம் சொன்னார்.

மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் தம்பியும், அண்ணன் சிரித்தால் தானும் சிரித்துப் பழகியவன், சிரித்தான். அவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பிறகு உரியவே இல்லை.

அவள் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே போனவள், தலையில் நரை எட்டிப் பார்க்கும் இந்த வயதிலும் அங்கேதான் இருக்கிறாள். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத இரண்டு அறைகள். நடுவில் ஒரு சுவர். சலவை இயந்திரங்களைச் சுவரிலேயே பதித்திருப்பார்கள். இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து அழுக்கை உள்ளே போட்டால், அந்தப் பக்கத்துக் கதவு வழியாகத் துவைத்தது வெளியே வரும். இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போகக் கூடாது. போக வேண்டுமென்றால் குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு, வெளியே சுற்றித்தான் போக வேண்டும். அவளுக்கு அழுக்குப் பக்கம். வார்டுகளிலிருந்து வரும் மூட்டைகளைப் பிரித்து, எது எந்த இயந்திரத்துக்கு என்று தரம் பிரிப்பாள். இரத்தம், வாந்தி, அதற்கு மேலும் மோசமானது உள்ள மூட்டைகளின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். வார்டில் கட்ட மறந்துபோனால் அவளே கட்டுவாள். அதற்காக இடுப்பில் எப்போதும் ஒரு நூல்கண்டு இருக்கும். சிவப்பைக் கண்டால் வெறுங்கையால் தொடக் கூடாது. அந்த இடத்தில் யாரும் யாருக்கும் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே அவளுக்கு ஒரு நாளும் குமட்டியதில்லை. கேட்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். "ஊர்ப் பீயெல்லாம் துவைக்கிறவளுக்கு என் வீட்டுத் தட்டு நாறுதாம்" என்று பெரியவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஆனால் விஷயம் எளிமையானது. அழுக்கு அழுக்கின் இடத்தில் இருந்தால் அவளுக்கு ஒன்றும் செய்யாது. அது சுவரைத் தாண்டி வரும்போதுதான் வயிற்றைப் புரட்டும். குடிக்கும் டம்ளரின் விளிம்பில் இருக்கும் எண்ணெய் விரல் தடம், மற்றவர் தலையணையில் இருக்கும் எச்சில் வட்டம், சோற்றுக் கரண்டியை வாயில் வைத்துவிட்டு மறுபடி பானைக்குள் விடும் கை. இதையெல்லாம் அவள் ஒரு நாளும் வெளியே சொன்னதில்லை. வாயைத் திறந்தால் குரல் நடுங்கும் என்ற பயத்தில் கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு வாழப் பழகியவள்.

பெரியவர் டயர் கடை வைத்திருக்கிறார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். அவள் வீட்டில் பிள்ளை இல்லை. அதனால் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன என்று பெரியவருக்கு ஒரு யோசனை வந்தது. வீடும் பார்த்துவிட்டார். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. "நாளைக்கு உனக்கு முடியாமப் போனா யாரு பார்ப்பா?" என்று தம்பியிடம் கேட்டார். தம்பிக்கு அந்தக் கேள்வி தைத்துவிட்டது. ஆனால் மூக்குக்கு அந்த ஒரு குளியலறைதான் கண்ணுக்குள் நின்றது. அந்த வீட்டில் யார் கழுவுவார், யார் துவைப்பார், யார் காலை நீட்டிக்கொண்டு டீ கேட்பார் என்று அவளுக்கு ஜாதகம் போலத் தெரிந்தது.

கணவன் அவளிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டான். "உனக்குப் பிடிச்சா போவோம். பிடிக்கலன்னா வேண்டாம். ஆனா அண்ணன்கிட்ட நீதான் சொல்லணும். என் வாயில வராது."

அவன் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது அண்ணன் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். அந்தத் தோளிலிருந்து அவன் இன்னும் இறங்கவில்லை. அவள் வாயிலோ எந்த வார்த்தையும் எளிதில் வராது. ஆக, வராத இரண்டு வாய்களுக்கு நடுவில் அந்த வீடு தானாகவே முடிந்துவிடும் போலிருந்தது.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நாலு பேரும் ஒன்றாக இருந்து பார்க்கலாம் என்று பெரியவர்தான் தீவுக்கு ஏற்பாடு செய்தார். யாரோ வாடிக்கையாளரிடமிருந்து இரண்டு பழைய டெண்ட்கள் கிடைத்தன. ஒரு படகோட்டி கொண்டுபோய் விடுவான், தினமும் சாயங்காலம் வந்து குடிதண்ணீர் கொடுப்பான். "ஒரு திட்டமும் கிடையாது. கடிகாரம் கிடையாது. சும்மா இருக்கப் போறோம். படகு ஏறித் திரும்புறதுக்குள்ள வீட்டு விஷயத்துக்கு ஒரு முடிவு சொல்லிடுங்க" என்றார்.

தீவு ஒன்றும் பெரிதில்லை. ஒரு ஓரத்தில் நின்று கத்தினால் மறு ஓரத்தில் கேட்கும். சுற்றி வெள்ளை மணல், நடுவில் தென்னைகளும் தாழம்புதர்களும். படத்தில் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். காலை வைத்தபோது மணலுக்குள்ளிருந்து எழும்பிய மணல் ஈக்கள் கணுக்காலை மொய்த்தன. கரையோரம் ஒதுங்கிய பாசி வெயிலில் வெந்து அழுகிய முட்டைக்கோஸ் வாடை அடித்தது. டெண்டை விரித்தபோது, போன மழைக்காலத்தில் நனைந்தபடியே மடித்து வைத்த ஈரம் உள்ளே பூஞ்சையாகி, கரும்புள்ளிகளாகச் சுவர் முழுக்கப் படர்ந்திருந்தது. மூலையில் யாருடையதோ ஒற்றைக் காலுறை. அவள் அதை ஒரு குச்சியால் எடுத்து வெளியே போட்டாள்.

"பாருங்க, வந்து இறங்கல, அதுக்குள்ள மூக்கு வேலையை ஆரம்பிச்சிடுச்சு" என்றார் பெரியவர். அவர் அதற்குள் இரண்டு தென்னைகளுக்கு நடுவில் தொங்கும் துணி ஊஞ்சலைக் கட்டி, சட்டையைக் கழற்றி, அதில் மல்லாந்துவிட்டார்.

சும்மா இருப்பது என்றால் என்ன என்று அவள் அன்றைக்குப் பார்த்தாள். பெரியவர் சும்மா இருந்தார். சும்மா இருந்தபடியே கால் நகம் வெட்டினார். வெட்டிய துண்டுகள் அடுப்பு மூட்டியிருந்த கல்லுக்குப் பக்கத்தில் பிறை பிறையாக விழுந்தன. மீன் சுட்டுத் தின்றுவிட்டு முள்ளை உட்கார்ந்த இடத்திலேயே துப்பினார். ஈரமான உள்ளாடையை, சோறு கொதிக்கும் பானைக்கு நேர் மேலே போன கயிற்றில் காயப்போட்டார். அது சொட்டியது. அவள் பானையை நகர்த்தினாள். வெயில் நகர்ந்ததும் அவர் உள்ளாடையையும் மறுபடி பானைக்கு நேராக நகர்த்திப் போட்டார். காதுக்குள் விட்ட சுண்டு விரலை எடுத்துப் பார்த்து, வேட்டியில் துடைத்து, அதே கையால் ரொட்டியைப் பிய்த்து, "இந்தா, எடுத்துக்கோ" என்று அவளிடம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் அவள் வாங்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் பின்பக்கம் நடந்து போய் நண்டுகளுக்குப் போட்டாள்.

ஓரகத்தி, பெரியவரின் மனைவி, மூத்தவள், பெருத்த உடம்பு, நல்ல மனசு, நீளமான முடி. அந்த முடிதான் பிரச்சினை. உட்கார்ந்த இடத்தில் அவிழ்த்துச் சீவுவாள். சீப்பில் வந்த முடியை விரலில் சுருட்டி உருண்டையாக்கிக் காற்றில் விடுவாள். காற்று அதைச் சோற்றுக்குக் கொண்டுவரும், சோப்புக்குக் கொண்டுவரும், பாய்க்குக் கொண்டுவரும். மூக்கு தன் பல் துலக்கும் பிரஷில் ஒரு நீள முடியைப் பார்த்த பிறகு பிரஷை உறையில் போட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டாள்.

கழிப்பறை என்று ஒன்று உண்டு. தாழம்புதருக்குப் பின்னால் ஒரு குழி, அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஒரு துணிக்கூண்டு, உள்ளே ஒரு வாளி கடல்தண்ணீர், ஒரு நீல மக். குடிதண்ணீருக்கு மூடி போட்ட ஒரு டிரம், அதிலிருந்து மொள்ள இன்னொரு நீல மக். இரண்டும் ஒரே கடையில், ஒரே அட்டையில் சேர்த்துக் கட்டி விற்றவை. ஒன்றைப் பார்த்தால் மற்றொன்றைப் பார்க்க வேண்டியதில்லை. பெரியவர்தான் வாங்கி வந்தார்.

இரண்டும் மாறிப்போனால் என்ன ஆகும் என்று பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தோன்றிவிட்டது. கைப்பையைத் துழாவினாள். வேலையிலிருந்து வந்த நூல்கண்டு அதில் இருந்தது, எப்போதும் இருக்கும். கூண்டுக்குள் இருந்த மக்கின் காதில் சிவப்பு நூலைச் சுற்றி, சலவைக்கூடத்தில் கட்டும் அதே முடிச்சாகக் கட்டினாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவுமில்லை. சிவப்பு என்றால் என்ன என்று யாருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை அந்த மக்கைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை. கழிப்பறைக்குத் தன் சொந்த பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனாள்.

முதல் நாள் அவள்தான் சமைத்தாள், அவள்தான் கழுவினாள். மணலைத் தேய்த்துப் பாத்திரம் கழுவிக் கழுவி விரல் நுனி எரிந்தது. மாலை படகோட்டி தண்ணீர் கொண்டுவந்தபோது, ஊஞ்சலில் கிடந்த பெரியவரையும், மணலில் குப்புறக் கிடந்த தம்பியையும், தலை சீவிக்கொண்டிருந்த ஓரகத்தியையும், பானைக்கரி அப்பிய கையோடு நின்ற அவளையும் ஒரு முறை பார்த்தான். "லீவுக்கு வந்திருக்கீங்களாக்கும்" என்று அவளிடம் மட்டும் கேட்டுவிட்டுத் தண்ணீரை இறக்கினான்.

மறுநாள் காலையில்தான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. அவள் கண் விழித்தபோது டெண்டு வாசலில் ஓரகத்தி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திருடி. இந்தா டீ. இன்னைக்கு நீ கையை நனைக்கக் கூடாது. நேத்து முழுக்க நீ ஒண்டியா மாடா உழைச்சதை நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்" என்றாள். அவள் தயங்குவதைப் பார்த்து, "பயப்படாமக் குடி. உனக்காகப் பார்த்துப் பார்த்துச் சுத்தமாப் போட்டிருக்கேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

தட்டைக் கழுவியதற்குச் சிரித்த அந்த வீட்டில், அவளுடைய சுத்தத்தை ஒரு ஆள் மதித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்து உட்கார்ந்து குடித்தாள். கொஞ்சம் உப்புக் கரித்த மாதிரி இருந்தது. தீவுத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள். மேலும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தாள்.

பெரியவர் ஊஞ்சலிலிருந்து தலையைத் தூக்கி, "எப்படி இருக்கு டீ?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு அத்தான்."

"நல்லாக் குடி, நல்லாக் குடி" என்றார். அவர் கேட்டதில்கூட ஒரு கனிவு இருந்ததாக அவளுக்குப் பட்டது. அவர் மட்டும் டீ வேண்டாம் என்றுவிட்டார். விடிந்தால் டீ, பல் துலக்கினால் டீ, கடையில் கூப்பிட்டால் டீ என்று இருக்கிற மனிதர், இந்த வெயிலுக்கு டீ எதற்கு என்று, கொண்டுவந்திருந்த ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலைத் திருகினார். காலையில் ரொட்டி மட்டும் தின்றார். மதியம் ஓரகத்தி சோறும் சூப்பும் வைத்தபோது வயிற்றைத் தட்டிக் காட்டி, குறைக்கிறேன் என்று சொல்லிவிட்டு மீனைச் சுட்டுத் தின்றார். அவள் கண்ணில் இதெல்லாம் பட்டது. பட்டதைப் பட்டபடி வைத்துக்கொள்வது அவள் பழக்கம். ஆனால் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

அவள் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள். கணவன் நன்றாகச் சாப்பிட்டான். ஓரகத்தி அவள் தட்டில் மறுபடி சூப் ஊற்றினாள். கையில் வேலையில்லாமல் நிழலில் உட்கார்ந்திருப்பது, யோசித்துப் பார்த்தால், அவள் வாழ்க்கையில் அதிகம் நடந்ததில்லை. குளியலறையை நாம் கவனித்துக்கொண்டால் போதும், மனிதர்கள் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது. கணவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன சொல்ற?" என்று தணிந்த குரலில் கேட்டான். "பார்ப்போம்" என்றாள். அவள் அகராதியில் பார்ப்போம் என்றால் முக்கால்வாசி சரி என்று அர்த்தம். அவனுக்கு அது தெரியும். அவன் முகம் மலர்ந்தது.

சாப்பிட்ட மயக்கத்தில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். ஓரகத்தி பாயில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். மூக்குக்குத் தாகமாக இருந்தது. தூங்குகிறவளை எழுப்புவானேன் என்று தானே போய் டிரம்மின் மூடியைத் தூக்கினாள்.

தண்ணீரில் மக் சாய்ந்து மிதந்தது. அதன் காதிலிருந்து சிவப்பு நூலின் வால் நீரில் விரிந்து மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

அவள் மூடியைப் பிடித்தபடியே நின்றாள். முடிச்சு அவளுடையதுதான். சந்தேகமே இல்லை. அப்படியும் ஓடிப் போய்த் துணிக்கூண்டைத் திறந்து, கடல்தண்ணீர் வாளிக்குள் முழுகிக் கிடந்த மக்கைக் குச்சியால் தூக்கிப் பார்த்தாள். நூல் இல்லாத மக். இரண்டு டம்ளர் டீயும், ஒரு தட்டுச் சோறும், இரண்டு முறை வாங்கிக் குடித்த சூப்பும் அவள் உள்ளே ஒரே நேரத்தில் திரும்பின. தாழம்புதரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வயிறு காலியான பிறகும் ஓங்கரித்தது. அந்தக் குழியிலிருந்து வந்த வாடை மூக்கில் ஏற ஏற, அதைத்தான் குடித்தோம், அதைத்தான் நல்லா இருக்கு அத்தான் என்று சொன்னோம் என்று உடம்பு முழுக்கக் கூசியது. நாக்கைப் பிடுங்கி மணலில் தேய்க்கலாம் போலிருந்தது.

சத்தம் கேட்டு ஓரகத்தி எழுந்து ஓடிவந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "என்னடி, இந்த வயசுலயா? பெருமாள் கண்ணைத் திறந்துட்டாரா?" என்று காதோரம் கேட்டாள். கிண்டலும் ஆசையும் கலந்த குரல். மூக்குக்கு அழுகை வந்தது. கணவனும் வந்து நின்றான். பெரியவர் ஊஞ்சலில் எழுந்து உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் ஒரு நொடி நினைத்தாள். நூல் கட்டியவள் அவள். ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தவளும் அவள். ஆனால் ஓரகத்தி அவள் வாயைத் துடைக்க, அதே டிரம்மிலிருந்து அதே மக்கில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள். சொட்டுகிற நூலோடு அது முகத்துக்கு நேரே வந்தது.

"அக்கா, இது கக்கூஸ் மக்" என்றாள்.

ஓரகத்தி புரியாமல் மக்கைப் பார்த்தாள். "இதுவா? இது உன் மக் இல்ல? நீதானே நூல் கட்டி வச்சிருந்த? நேத்து சாயங்காலம் நீ பாத்திரம் கழுவப் போனப்புறம் பார்க்கிறேன், உன்னோட நல்ல மக்கை யாரோ கொண்டுபோய் அங்க போட்டிருக்காங்க. ஐயோ, பார்த்தா இவ உசுரை விட்டுடுவாளேன்னு நான்தான் எடுத்து, கடல்ல அலசி, டிரம்ல போட்டேன். மத்ததைக் கொண்டுபோய் அங்க வச்சேன்." சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "நீ கட்டினா அது சுத்தமானதுதான்னு நினைச்சேன்டி."

அந்த வீட்டில் ஒரு பொருளை மூக்கு தனியாக அடையாளம் போட்டு வைத்தால், அது சுத்தமான பொருளாகத்தான் இருக்க முடியும். ஓரகத்தி நினைத்ததில் ஒரு தவறும் இல்லை. மூக்குக்கு அவள் மீது கோபமே வரவில்லை. கணவன் மட்டும் மெதுவாகப் போய், பாதி குடித்து மூடி வைத்திருந்த தன் டீ டம்ளரை எடுத்து மணலில் கவிழ்த்துவிட்டு, கடலோரம் போய்க் குனிந்து நின்றான்.

அப்போது ஊஞ்சலில் இருந்து சிரிப்பு வந்தது. சிரிப்பு என்றால் வயிறு குலுங்குகிற சிரிப்பு. பெரியவரால் அடக்க முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு பகல் முழுக்க ஆச்சே. மூக்கு இன்னும் கண்டுபிடிக்கலையேன்னு நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன். தட்டுல இருக்கிற முட்டை வாடை தெரியும், இது தெரியல பாருங்க. போகட்டும் விடு, கொதிக்க வச்சதுதானே. யாராவது செத்தா போயிட்டோம்? எல்லாருந்தானே குடிச்சோம்" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். முன்பு மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெரியவர் சலவைக்கூடத்துக்குப் போர்வை கேட்டு இறங்கி வந்திருந்தார். சிவப்பு நூல் கட்டிய மூட்டை மேல் கை வைக்கப் போனவரை அவள்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள். அதற்குள் என்ன இருக்கும் என்று கேட்டு, மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு படியேறிப் போனார். அவருக்குச் சிவப்பு தெரியும். நேற்று மாலை ஓரகத்தி மக்கைக் கையில் பிடித்தபடி ஊஞ்சலைத் தாண்டித்தான் நடந்திருக்க வேண்டும். வேறு வழியே இல்லை. பட்டதைப் பட்டபடி வைத்திருந்த எல்லாமும் இப்போது அவளுக்குள் வரிசையாக எழுந்து நின்றன.

"நீங்க குடிக்கல அத்தான்" என்றாள்.

குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் நிற்கவில்லை. "காலையிலேர்ந்து நீங்க டீ தொடல. சோறு தொடல. சூப்பு தொடல. ஜூஸ் பாட்டில்தான் குடிச்சீங்க. அக்கா குடிக்கிறதைப் பார்த்தீங்க. உங்க தம்பி குடிக்கிறதைப் பார்த்தீங்க. எப்படி இருக்குன்னு என்னைக் கேட்டீங்க."

பெரியவர் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, உள்ளே இருந்த காற்று மட்டும் போய்விட்டது. "விளையாட்டுக்குத்தானே. லீவுக்கு வந்த இடத்துல இதைப் போய்..." என்றார்.

ஓரகத்தி கையில் இருந்த மக்கைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த காலி ஜூஸ் பாட்டில்களைப் பார்த்தாள். மக்கை அவர் காலடியில் போட்டாள். எறியவில்லை, போட்டாள். பிறகு டிரம்மைச் சாய்த்துத் தண்ணீர் முழுவதையும் மணலில் விட்டாள். அது பெருஞ்சத்தத்தோடு போயிற்று.

மூக்குக்கு இப்போது வயிறு புரளவில்லை. வேறு எதுவோ புரண்டது. நகம், முள், உள்ளாடை, காது அழுக்கு எல்லாம் சுவருக்கு இந்தப் பக்கத்து அழுக்கு. துவைத்தால் போகும். ஊஞ்சலில் படுத்துக்கொண்டு, கட்டின மனைவி வாயில் அது போவதை வேடிக்கை பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த அந்த ஆளை எந்த இயந்திரத்தில் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் உட்கார்ந்த இடத்தைப் பார்க்கவே கூசியது.

அன்று மாலை படகு வந்தது. அவள் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கரைக்குப் போனாள். பெரியவர் எழுந்து பின்னாலேயே வந்தார்.

"நாளைக்குத்தானே போறோம். முடிவு ஒண்ணும் சொல்லலையே?"

"வீடு வேண்டாம் அத்தான்."

"ஒரு பிளாஸ்டிக் சாமானுக்காகவா?"

"வேண்டாம்" என்றாள் மறுபடியும்.

அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "நீ என்னடா சொல்ற?"

அவன் முகம் வெளிறிப் போயிருந்தது, மதியத்திலிருந்து எடுத்த வாந்தியில். அண்ணனை நேராகப் பார்க்காமல், காலால் மணலைக் கிளறியபடி, "அவ சொன்னதுதான்" என்றான். அண்ணனுக்கு எதிராக அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. அதையும் மணலிடம்தான் சொன்னான்.

இருவரும் ஏறி உட்கார்ந்தபோது படகு ஒரு பக்கம் சாய்ந்தது. ஓரகத்தி முழங்கால் வரைக்கும் தண்ணீரில் நடந்து வந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பெருமூச்சோடு ஏறிக்கொண்டிருந்தாள். அவள் கையில் பை இல்லை, சீப்பு மட்டும்தான் இருந்தது.

"நீ எங்கடி போற? டெண்டை யாரு மடிக்கிறது? ராத்திரிக்கு எனக்கு யாரு..." என்று பெரியவர் கரையிலிருந்து கேட்டார்.

"சும்மா இருக்கத்தானே வந்தீங்க. இருங்க" என்றாள் ஓரகத்தி.

படகோட்டி கொண்டுவந்த தண்ணீர்க் கேனை அவர் காலடியில் இறக்கி வைத்தான். தண்ணீர் மொள்ள என்று அங்கே இருந்தது அந்த இரண்டு மக் மட்டும்தான். ஒன்று கூண்டுக்குள் இருந்தது. மற்றொன்று நூலோடு மணலில் கிடந்தது. அதை அவன் ஒரு முறை பார்த்தான், அவரை ஒரு முறை பார்த்தான், படகு மோட்டாரின் கயிற்றை இழுத்தான்.

கடல் அமைதியாக இருந்தது. கணவன் அவள் பாட்டிலை வாங்கி வாய் கொப்பளித்து, கொப்பளித்து, கடலில் துப்பிக்கொண்டே வந்தான். தீவு ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கிய பிறகு ஓரகத்தி முடியை அவிழ்த்து மடியில் போட்டுச் சீவ ஆரம்பித்தாள். "நான் அந்த ஆளோட ஒரே குளியலறையில இத்தனை வருஷம் இருந்திருக்கேன்டி" என்றாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. காற்றில் எல்லோர் கண்ணிலும் நீர் வந்துகொண்டுதான் இருந்தது.

சீப்பில் வந்த முடியை விரலில் சுருட்டி உருண்டையாக்கி, பழக்கத்தில் காற்றில் விட்டாள். காற்று அதை நேராகக் கொண்டுவந்து மூக்கின் மடியில் போட்டது. கறுப்பும் வெள்ளையுமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, உப்பு ஈரத்தோடு ஒரு உருண்டை.

அருவருப்பாகத்தான் இருந்தது. அவள் அதை இரண்டு விரலால் எடுத்தாள். ஓரகத்தி பார்க்காதபடி கையைப் படகுக்கு வெளியே நீட்டி, தண்ணீருக்கு மிக அருகில் கொண்டுபோய், மெதுவாக விட்டாள். விரலைக் கடலில் நனைத்துக் கழுவினாள். பிறகு இன்னொரு முறை கழுவினாள்.